மதுரை வெயிலுக்கு நிற்கிற சாயம்

பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் வெள்ளை நூலைப் போட்டு எடுத்தால் நல்ல ரோஸ் நிறம் வரும். செம்பருத்திக்கு ஊதா. சிவப்பு முட்டைக்கோஸ் வாங்கினால் நீலம்கூட வரும். படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப இது போதும். அதே நூலை மொட்டை மாடிக் கொடியில் ஒரு வாரம் போட்டு வையுங்கள், பழைய வேட்டி நிறத்துக்கு வந்து நிற்கும். செடியில் நிறம் இருப்பது வேறு, அது சாயத்துக்கு ஆகிற செடியாக இருப்பது வேறு. வீட்டில் நூலுக்குச் சாயம் போட நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் காசும் பாதி கேஸும் மிச்சம்.

நான் இருப்பது திருநகரில். குரோஷா பின்னுவதற்கு என்று ஆரம்பித்தது, இப்போது மதினியின் பிறந்த வீட்டுத் தறியில் துண்டு நெய்யவும் நூல் போட்டுக் கொடுக்கிறேன். அவர்கள் வீடு செல்லூரில். எல்லாமே பருத்தி நூல்தான். சாயத்தை நூலில் பிடித்துவைப்பது படிகாரம். பட்டும் கம்பளியும் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. அதனால் இங்கே சொல்கிற பக்குவம் எல்லாம் பருத்திக்கு மட்டும்.

முதலில் நூல் கணக்கு. கைத்தறிக்கு வருகிற நூல் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி வரும். ஒரு சிட்டம் 840 கெஜம். 40ஆம் நம்பர் நூல் என்றால் 40 சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது சிட்டம் ஒன்று சுமார் 11 கிராம். 20ஆம் நம்பருக்கு அதில் இரட்டிப்பு. சாய வேலையில் எல்லா அளவும் காய்ந்த நூலின் எடையை வைத்துத்தான் என்பதால் இந்தக் கணக்குத் தேவைப்படுகிறது. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மோசமில்லை. நூல் முங்கி, தாராளமாகப் புரண்டால் போதும். ஆனால் கடுக்காயையும் படிகாரத்தையும் கண்ணளவில் போட்டால் அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது. பாதித் துண்டு நெய்தபிறகு நூல் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம்.

சிட்டத்தை நாலு இடத்தில் வெள்ளை நூலால் எட்டுப் போலக் கோத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கொதித்து வெளியே வரும்போது சிக்கெடுக்கவே ஒரு நாள் போய்விடும். கட்டு தளர்வாக இருக்கட்டும். நம்மூர்ச் சுங்குடியில் துணியைக் கிள்ளி இறுக்கிக் கட்டுவதே அந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாது என்றுதான். நீங்கள் சிட்டத்தை இறுக்கிக் கட்டினாலும் அதே வேலைதான் நடக்கும், நூலில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

அடுத்தது அவிப்பது. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மில்லிலிருந்து வருகிற பருத்தி நூலில் மெழுகு மாதிரி ஒரு பசை இயற்கையாகவே இருக்கும். அது போகாமல் தண்ணீர் உள்ளே இறங்காது. மதினியின் அப்பா அந்தக் காலத்தில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நான் கொண்டுபோய்க் காட்டிய சிட்டத்தின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு அப்படியே உருண்டு நின்றது. "தண்ணியே இறங்கல. சாயம் எப்படித் தாயி இறங்கும்? மொதல்ல நூல அவி, அப்புறம் சாயத்தப் பத்திப் பேசு" என்றார். இன்றைக்கும் நான் செய்கிற பரிசோதனை அந்த இரண்டு சொட்டுதான். விட்டவுடனே உறிஞ்சிக்கொண்டால் நூல் தயார்.

100 கிராம் நூலுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா, கொஞ்சம் பார் சோப்புச் சீவல். ஒன்றரை மணி நேரம் கொதிக்க வேண்டும். தண்ணீர் பழுப்பாக மாறும். அதைக் கொட்டிவிட்டு வெந்நீரில் நன்றாக அலசவும். பழுப்பு அதிகமாக இருந்தால் இன்னொரு தடவை. கடையில் வெளுத்த நூல் என்று கொடுத்தாலும் ஒரு கொதி விட்டுவிடுவது நல்லது.

பிறகு கடுக்காய். கீழமாசி வீதிப் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய், படிகாரம், காசுக்கட்டி, மஞ்சிட்டி, அன்னபேதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். கடுக்காயில் நமக்கு வேண்டியது அதன் துவர்ப்பு. நாக்கைச் சுருக்குகிற அந்தச் சத்து பருத்தியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். படிகாரம் போய் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். சாயம் வந்து படிகாரத்தைப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் ஒன்றை விட்டாலும் நிறம் நூலில் நிற்காது. 100 கிராம் நூலுக்குக் கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 20 கிராம். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, நூலை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து அலசாமல் காயப்போட வேண்டும். நூல் இளமஞ்சளாகிவிடும். அதனால் வெளிர் ரோஸ், வானநீலம் மாதிரியான மென்மையான நிறம் கடுக்காய் நூலில் வராது. அந்த ஆசை இருந்தால் முன்கூட்டியே விட்டுவிடலாம்.

காய்ந்தபிறகு படிகாரம். 100 கிராமுக்கு 15 கிராம். பொடித்துச் சுடுதண்ணீரில் கரைத்து, தனியாகக் கரைத்த 2 கிராம் சலவைச் சோடாவை அதில் மெதுவாக ஊற்றவும். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியதும் நூலைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் லேசாக ஒரே ஒரு அலசல். இத்தனையும் முடிந்த பிறகுதான் சாயப் பாத்திரம் அடுப்புக்கு வருகிறது. ஒரு வாரத்து வேலையில் சாயம் காய்ச்சுவது கடைசி அரை நாள்தான். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

எதெல்லாம் நிற்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். சாயம் போட்ட நூலை ஒரு அட்டையில் சுற்றி, பாதியை இன்னொரு தடித்த அட்டையால் மூடிக் கட்டி, மொட்டை மாடியில் தெற்குச் சுவரில் வைத்துவிடுவது. கத்திரி வெயில் காலம் என்றால் இரண்டு வாரம் போதும். மூடியை எடுத்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். இந்த அட்டைகளில் தேர்ந்தவை மட்டும்தான் இப்போது என் சாயப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ரொம்பச் சின்னது.

முதல் இடம் காசுக்கட்டிக்கு. வெற்றிலையோடு போடுகிற அதே பொருள். 100 கிராம் நூலுக்கு 30 கிராம் வெந்நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் மிதமாகச் சூடாக்கி, அதிலேயே ராத்திரி விட்டால் நல்ல செம்பழுப்பு. படிகாரம்கூடத் தேவையில்லை. எடுத்தபிறகு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் இன்னும் ஆழமாகும். வெயில், சோப்பு இரண்டுக்கும் அசையாது. முதல் தடவை சாயம் போடுகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பித்தால் மனசு விட்டுப்போகாது.

மஞ்சளுக்கு மாதுளைத் தோல். ஜூஸ் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் பை நிறையத் தருவார், அவருக்கும் குப்பை குறையும். காயவைத்து எடுத்துவைத்துக்கொள்ளலாம். நூல் எடைக்குச் சமமாகத் தோல் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் நூலைப் போட்டால் கடுகெண்ணெய் நிறத்துக்கு ஒரு மஞ்சள் வரும், வந்தால் நிற்கும். கேந்திப்பூ இதைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆயுத பூஜை முடிந்து கடைகளில் கழற்றிப் போடுகிற மாலைகளே எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். ஆனால் வெயிலில் மாதுளை அளவுக்குத் தாங்காது. வெங்காயத் தோலும் அப்படித்தான். கீழமாரட் வீதி வெங்காய மார்க்கெட்டில் கேட்டால் தோல் மூட்டையாகவே கிடைக்கும், படிகாரம் ஏறிய நூலில் செம்பொன் நிறம் தரும். போகப்போக மங்கும் என்று தெரிந்தே போடலாம். மேஜை விரிப்புக்கு சரி, வெளியே காயப்போடுகிற துண்டுக்கு வேண்டாம்.

சமையல் மஞ்சளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிறம் உடனே ஏறும், வெயில் பட்டால் உடனே போகும். தாலிக் கயிற்றுக்குத் திரும்பத் திரும்ப மஞ்சள் பூசுகிறோமே, காரணம் இதுதான். இன்னொரு தொந்தரவும் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா, அதே மாதிரி மஞ்சள் சாயத் துணியில் சோப்புப் பட்ட இடம் செக்கச்செவேலென்று ஆகும். பதிமுகக் கட்டையும் ஏமாற்றுகிற ரகம்தான். பாத்திரத்தில் பார்க்கும்போது அப்படி ஒரு சிவப்பு, அட்டையில் பாதிகூட மிஞ்சவில்லை.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர்தான். இதில் மதுரைத் தண்ணீர் நமக்குச் சாதகம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிற அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. மற்ற சாயங்களை அது மந்தமாக்கும், போதாக்குறைக்கு இரும்புக் குழாயின் துரு வேறு மஞ்சளைப் பாசி நிறமாக்கிவிடும். அதனால் மாதுளைக்கும் கேந்திக்கும் மாநகராட்சித் தண்ணீர், ஐப்பசி மழையில் பிடித்துவைத்த தண்ணீர் இப்படி எடுத்துக்கொள்வேன். மஞ்சிட்டிக்கு மட்டும் துரு இல்லாத போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் இந்த வகைச் சிவப்பை எடுப்பாக்குகிறது. வைகைத் தண்ணீரில் அலசினால்தான் சிவப்பு துலங்கும் என்று பழைய சாயக்காரர்கள் சொன்னதைக் கதை என்று நினைத்திருந்தேன். மஞ்சிட்டியை இரண்டு தண்ணீரிலும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு அப்படி நினைப்பதில்லை.

அந்தக் காலத்து மதுரைச் சிவப்பு மஞ்சிட்டியில் வந்ததில்லை, சாயவேரில் வந்தது. இம்பூறல் என்று நாட்டு மருந்தில் சொல்கிற சின்னச் செடியின் வேர். ராமேசுவரம், மன்னார் பக்கத்து மணல்பூமி வேருக்கு நல்ல பெயர் இருந்தது. 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபெர்மான் என்ற இருவர் மஞ்சிட்டி இனத்து வேர்களில் இருக்கிற சிவப்பான அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அது டப்பாவில் வந்து இறங்கியபிறகு மணலில் குனிந்து வேர் தோண்டுகிற வேலைக்கு யார் போவார்கள்? பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்குச் சாயவேர் வீட்டுத் தேவைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை, மஞ்சிட்டி கிடைக்கிறது.

மஞ்சிட்டி நூல் எடைக்குச் சமமாக வேண்டும். இடித்து ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடேயே நூலையும் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்க விடக் கூடாது. ஆவி வர ஆரம்பித்ததும் அடுப்பைக் குறைத்து, அந்தச் சூட்டிலேயே இரண்டு மணி நேரம். கொதித்தால் வேரிலுள்ள பழுப்பும் இறங்கி, சிவப்பு செங்கல் தூளாகிவிடும். ஆறும்வரை நூல் உள்ளேயே கிடக்கட்டும்.

நீலத்துக்கு அவுரி. இது தனி உலகம். கடையில் அவுரிப் பொடி கேட்டால் "தலைக்குத்தானம்மா? மருதாணியும் சேத்துப் போடவா?" என்பார்கள். அது காய்ந்த இலைப் பொடி, முடிக்கு ஆகும், நான் சொல்லப்போகிற தாழிக்கு, அதாவது நீலம் கரைத்துவைக்கிற பாத்திரத்துக்கு ஆகாது. நமக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, அடித்துக் கடைந்து, அடியில் தங்கிய நீலத்தைக் காயவைத்த கட்டி. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்னும் எடுக்கிறார்கள்.

நீலக் கட்டி தண்ணீரில் கரையாது. அதிலுள்ள பிராணவாயுவின் பிடியை விடுவித்தால்தான் கரைந்து நூலுக்குள் போகும். அதற்குச் சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம், வெல்லம் மாதிரி ஒரு இனிப்பு வேண்டும். நான் செய்கிற பத்து லிட்டர் தாழிக்கு 20 கிராம் நீலம், 40 கிராம் நீர்த்த சுண்ணாம்பு, 100 கிராம் வெல்லம். நீலத்தை முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வழவழவென்று அரைத்துக்கொள்ள வேண்டும், நறநறவென்று இருந்தால் அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலான வெந்நீரில் வெல்லத்தையும் நீலத்தையும் கலக்கி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, காற்றடிக்காமல் மெதுவாகக் கிளறி மூடிவைக்கவும். கையுறை கட்டாயம், கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு சும்மா விடாது. குளிர் ஊர்க்காரர்கள் தாழியின் சூட்டைக் காப்பாற்றப் போராட வேண்டும். நமக்கு மாடி நிழலே போதும். வெல்லத்துக்குப் பதில் ஊசித்தகரை விதையை வேகவைத்து ஊற்றுவது நம் பக்கத்துப் பழைய முறை. மழைக்கு அப்புறம் திருமங்கலம் ரோட்டோரத்தில் ஊசித்தகரை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கும். நானும் செய்திருக்கிறேன், நீலம் நன்றாக வரும், நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சம்மதிக்க வேண்டும்.

தாழி கனிந்ததா என்பதைக் கண்ணே சொல்லும். மேலே செம்பு மினுமினுக்கிற ஆடை, நடுவில் நீல நுரை, அதை விலக்கினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைத் தெளிவு. உள்ளேயும் நீலமாகத் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் வெல்லம் போட்டுச் சூடேற்றிக் காத்திருக்க வேண்டும். அவித்து ஈரமாக்கிய நூலை, அடியில் உள்ள சுண்ணாம்பு வண்டலில் படாமல் தொங்கவிட்டு ஐந்து நிமிஷம். வெளியே எடுக்கும்போது பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாக மாறும். நன்றாகக் காற்றாடவிட்டு மறுபடி முக்க வேண்டும். அடர்ந்த நீலம் ஒரே நீண்ட முக்கலில் வராது. சின்னச் சின்ன முக்கல்களாக ஏறினால்தான் கையில் ஒட்டாத நீலம். கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பு போய் நூல் மெத்தென்று ஆகும். இதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். பச்சை நிறம் வேண்டுமா, முதலில் நீலம் போட்டு, பிறகு கடுக்காய், படிகாரம் ஏற்றி, மேலே மாதுளை.

கறுப்புக்கு இரும்பு. கடுக்காய் ஏறிய நூல் இரும்புத் தண்ணீரில் பட்ட நொடியில் சாம்பலாகி, பிறகு கறுக்கும். துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் தண்ணீரும் மண்பானையில் சில வாரம் புளித்தால் காடி, அதாவது அந்த இரும்புத் தண்ணீர் தயார். பொறுமை இல்லாதவர்களுக்கு அன்னபேதி என்கிற இரும்பு உப்பு இருக்கிறது, 100 கிராம் நூலுக்கு 2, 3 கிராம் போதும். கறுப்பு போதவில்லை என்று இரும்பைக் கூட்டாதீர்கள். மறுபடி கடுக்காயில் ஊறவைத்து மறுபடி முக்குங்கள். இரும்பு அதிகமான பருத்தி ஒரு வருஷத்தில் பிய்ந்து வரும், தறியில் ஏற்றினால் அன்றைக்கே இழை அறுபடும். அன்னபேதி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இரும்புக்கென்று வைத்த பாத்திரமும் கரண்டியும் வேறு சாயத்துக்கு வரக் கூடாது. மற்ற சாயங்களுக்கு எவர்சில்வர்தான், அதுவும் சமையலுக்குத் திரும்பாத பாத்திரமாக.

செடிச் சாயம்தானே என்று மிச்சத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. திருப்பூர்ப் பக்கத்தில் நொய்யல் என்ன ஆனது, 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது எல்லாம் நமக்குத் தெரியும். நம் அளவு ஒரு வாளிதான் என்றாலும் படிகாரமும் இரும்பும் தொட்டிச் செடிக்கு ஆகாது. படிகாரத் தண்ணீரை நான் கொட்டுவதே இல்லை. பாதி அளவு புதுப் படிகாரம் சேர்த்து அடுத்த நூலுக்கு வைத்துக்கொள்கிறேன். வடித்த சக்கை எருக்குழிக்குப் போகிறது. அவுரித் தாழி தீரும்வரை வெல்லமும் சுண்ணாம்பும் ஊட்டிக்கொண்டே போகலாம்.

துண்டு வாங்கிப் போகிறவர்களிடம் மதினி சொல்லி அனுப்புவது: சோப்புப் பவுடரில் ஊறவைக்க வேண்டாம், பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும், நிழலில் காயப்போடுங்கள். கறுப்புக் கரை போட்ட துண்டில் எலுமிச்சையோ ஊறுகாயோ பட்டால் அப்படியே விடாமல் உடனே அலசிவிடுங்கள், புளிப்புப் பட்ட இடத்தில் கறுப்பு வெளுத்துவிடும்.